ஆறு பிளக்கும் வெள்ளை

கல்ஃபான் இறந்தபோது விட்டுப்போனவை எண்பது ஆடுகள், ஏழு ஒட்டகங்கள், பெட்ரோலில் ஓடும் பழைய ஆறு சிலிண்டர் பிக்கப் ஒன்று, இரண்டு மனைவிகள்.

மூத்தவள் குபைஷா, இளையவள் ஸுவைனா. பதினாறு வருடம் ஒரே முற்றத்தின் இரண்டு மூலைகளில் இருந்துகொண்டு ஒருத்தி சமையலை இன்னொருத்தி குறை சொல்லி வந்தவர்கள். அவன் போனதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள் என்றுதான் அந்த மணல்வெளியில் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த வருடமே குபைஷாவின் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என வாரத்தில் மூன்று நாள் இப்ரா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். குபைஷாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸுவைனாவுக்குத் தெரியும். இருவரும் உட்கார்ந்து பேசி எதையும் முடிவுசெய்யவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஸுவைனா வண்டியைக் கிளப்பி மூத்தவள் வாசலில் நிறுத்தினாள், குபைஷா ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் குடியிருப்பிலிருந்து பிதியா ஊரின் தார்ச்சாலைக்கு மணலில் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து இப்ரா இன்னொரு அரைமணி நேரம். தார்ச்சாலை ஒரு பொருட்டே இல்லை. மணலில்தான் பாடு. நடுவில் 'கழுத்து' என்று ஒரு மேடு இருக்கிறது. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை மிதித்த கால் எடுக்காமல் ஏறவேண்டும். பாதியில் நின்றால் பின்னால் சறுக்கி அடிவாரத்துக்கே வந்துவிடும்.

நான் பிதியா கடைத்தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மணல்வெளிப் பெண்கள் தங்கள் வழக்கப்படி முகமூடியோடு பிக்கப்பிலிருந்து இறங்கி வந்து, பேர் சொல்லிப் பாகம் கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஸுவைனா அப்படித்தான் வந்தாள். வந்தது இன்ஜினில் பொறி போடும் பிளக் வாங்க.

அந்த வருடம் ஏப்ரலில்தான் வண்டிக்கு நோய் கண்டது. புறப்படும்போது ஒரு குறையும் இருக்காது. மணலில் கால்மணி நேரம் ஓடியபிறகு, மேடு ஏறும்போது, இன்ஜின் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும். வண்டி உதறும், மூச்சு வாங்கும், காற்று உள்ளே போகும் குழாய் வழியாகவே திரும்பப் பொட்டென்று ஒரு வெடிச்சத்தம் வரும். பிறகு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

குல்சார் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். பாகிஸ்தானின் சியால்கோட்காரன், கைசுத்தமான வேலைக்காரன். முதலில் பிளக்கும் வயர்களும் மாற்றினான். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பிறகு வேறு ரகத்தில் மறுபடியும் பிளக். ஒவ்வொரு தடவையும் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வண்டி சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுப்பான். கடைத்தெருவில் வண்டி தங்கமாகத்தான் ஓடும். மணலில் இறங்கிக் கழுத்தை நெருங்கியதும் பழையபடி உதறும். என்னோடு மணலுக்கு வந்து பார் என்று அவள் கூப்பிட்டாள். பதினோரு வண்டி வரிசையில் நிற்கிறது, எப்படி வருவது என்று அவன் கேட்டான். அதுவும் நியாயம்தான். நான்காவது தடவை வந்தபோது கையை விரித்துவிட்டான். இன்ஜினுக்கு வயதாகிவிட்டது, உள்ளே வளையங்கள் தேய்ந்திருக்கும், பிரித்துக் கட்டவேண்டும், அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றான்.

வாரம் மூன்று நாள் இப்ரா போகவேண்டியவளுக்கு மூன்று வாரம் என்பது கணக்கில் இல்லாத காலம்.

இதற்கிடையில் குபைஷாவின் மகன் ராஷித், மஸ்கட்டில் ராணுவத்தில் இருப்பவன், அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளக் காத்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. அவன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. குபைஷா போய் நான்கு நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசி முகத்தில் ஊதுகிறது, ஆடு கத்தாமல் எப்படி விழிப்பது என்று சொல்லிவிட்டாள். மகனும் விட்டுப்பிடித்தான். ஆனால் ஒரு தடவையாவது சிகிச்சை தவறினால் அடுத்த வெள்ளியன்று வந்து கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது.

காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். வெயில் அப்போதே சுட்டது. கழுத்தை எட்டுவதற்கு முன்பே வண்டி இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை ஏற்றத்தின் பாதியில் நின்று, சறுக்கி, அடிவாரத்தில் ஒரு வன்னி மரத்தை ஒட்டி வந்து நின்றது. ஸுவைனா இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிறு முதல் உடம்பில் தேங்கிய நீரோடு குபைஷா கால்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன தண்ணீர் இரண்டு டம்ளர்தான். அதில் ஒன்றை அப்போதே குடித்துவிட்டிருந்தாள். கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அந்த வழியில் அன்றைக்கு வேறு வண்டியும் வரவில்லை.

குபைஷா சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்தபடியே கேட்டாள்.

"ஏ சின்னவளே. நின்னதும் பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஓடுது இல்ல?"

"ஓடுது."

"எவ்வளவு நேரம் ஓடுது?"

ஸுவைனாவுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை யார் பார்த்தார்கள் என்றாள்.

"நான் எண்ணியிருக்கேன்," என்றாள் குபைஷா. கையிலிருந்த தஸ்பீஹ் ஜபமணி மாலையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு வேற என்ன வேலை, உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டா வரமுடியும்? காலைல முதல் தடவை கிளம்பினா ஐந்நூறு மணி உருட்டற வரைக்கும் ஒண்ணும் ஆகறதில்ல. அப்புறம் உதறுது. நின்னு கிளம்பினா இருநூத்தம்பது. எண்ணூறு எண்ணினேன்னு ஒருநாளும் இல்ல."

ஸுவைனா அவளையே பார்த்தாள். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீ கேட்டியா? அந்தப் பட்டாணியன்கிட்டதானே கேட்டே."

குல்சார் பட்டாணியன் இல்லை, பஞ்சாபி. அதை அந்த நேரத்தில் யாரும் திருத்தவில்லை. குபைஷா சொன்ன யோசனை மிகவும் எளிமையானது. தானாக நிற்கும்வரை ஏன் ஓட்டுகிறாய், இருநூறு எண்ணியதும் நாமே நிறுத்திவிடுவோம் என்றாள். அப்படியே செய்தார்கள். இருநூறு மணி உருளும்வரை ஓட்டம், இறக்கமான இடம் பார்த்து இன்ஜினை அணைத்துப் பத்து நிமிட ஓய்வு, மறுபடியும் ஓட்டம். கழுத்தின் அடிவாரத்தில் மட்டும் அரைமணி நேரம் ஓய்வு கொடுத்து, ஒரே மூச்சில் ஏற்றினாள். நூற்றி எண்பதாவது மணியில் உச்சி வந்தது என்று குபைஷா பின்னாளில் எல்லோரிடமும் சொல்வாள்.

இப்ரா போய்ச் சேரும்போது நான்கு மணி நேரத் தாமதம். அங்கிருந்த நர்ஸ் இன்னொருவருக்கான நேரத்தை மாற்றிப்போட்டு இவளைப் படுக்கவைத்தாள். ஆனால் நோயாளி வரவில்லையே என்று காலையிலேயே மகனுக்குத் தகவல் போயிருந்தது. ராஷித் மாலையில் கூப்பிட்டான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன், உம்மாவின் துணிமணியைக் கட்டிவையுங்கள் என்றான். ஸுவைனாவிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. சித்தி, நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னானாம். அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது என்று என்னிடம் சொன்னாள்.

இடையில் பத்து நாள் இருந்தது.

வியாழக்கிழமை குபைஷாவை இப்ராவில் விட்டுவிட்டு அவள் நேரே என் கடைக்கு வந்தாள். ஒரு துணிமுடிச்சை அவிழ்த்து, என் மேசைக் கண்ணாடிமேல் ஆறு பிளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தாள். ரேடியேட்டர் பக்கமிருந்து பின்னால்வரை எந்த வரிசையில் கழற்றினாளோ அதே வரிசை. அன்று காலை கழுத்து ஏறும்போது வண்டி உதற ஆரம்பித்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, கழற்றி, பழைய பிளக்குகளைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்காகவே மூத்தவளை விடியற்காலையில் கிளப்பியிருக்கிறாள்.

ஆறும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன.

"இது என்ன சொல்லுது, ரஃபீக்?"

நல்ல இன்ஜினில் பிளக்கின் மூக்கு வறுத்த காப்பிக்கொட்டையின் இளநிறத்தில் இருக்கும். பெட்ரோல் மிஞ்சினால் கருக்கும். காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்தால் இப்படி வெளுக்கும். ஒரு பிளக் மட்டும் வெளுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில் கோளாறு. ஆறும் வெளுத்திருந்தால் ஆறுக்கும் பொதுவாகப் போகிற ஒன்றில் கோளாறு. இதை அவளிடம் சொன்னேன்.

"பொறி நல்லாத்தான் விழுது," என்றேன். "எரிக்கறதுக்குத்தான் ஒண்ணும் வந்து சேரல. பட்டினில உதறுது."

அவள் மேசையைத் தட்டினாள்.

"நான் உன்கிட்ட ரெண்டு தடவை பிளக் வாங்கியிருக்கேன். ரெண்டு தடவையும் பழசை இந்த மேசைமேலதான் வச்சேன்."

"நீங்க கேக்கலயே."

"கேட்டிருந்தா நீ வித்திருக்க மாட்டே."

அவள் சொன்னது உண்மை. கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, டேங்கிலிருந்து இன்ஜின்வரை பெட்ரோல் போகும் வழியைப் பேனாவால் வரைந்துகொடுத்தேன். டேங்குக்குள் ஒரு சல்லடைப்பை, அதன்மேல் மின்சாரப் பம்ப், பிறகு நீண்ட குழாய், பில்டர், கடைசியில் ஆறு சிலிண்டருக்கும் தெளிக்கும் ஊசிகள். இந்த வழியில் ஏதோ ஓரிடத்தில் அடைப்பு அல்லது தளர்ச்சி என்றேன். அவள் அட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். போகும்வழியில் குல்சாரிடம் நின்று, பம்ப் மட்டும் தனியாக ஓட எந்த இடத்தில் வயர்த்துண்டைக் கோர்ப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, உனக்குப் பதினோரு வண்டி இருக்கிறது, எனக்கு ஒன்றுதான் என்றாளாம்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவள் அட்டையில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். முதலில் டேங்கின் மூடி. அதன் காற்றுத்துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வர மறுக்கும். வண்டி உதறிய நேரத்தில் மூடியைத் திறந்துபார்த்தாள். உஸ்ஸென்ற சத்தமும் இல்லை, உதறலும் நிற்கவில்லை. மூடி தப்பித்தது. அடுத்து பில்டர். என்னிடம் வாங்கிப்போன புதியதைப் பொருத்தினாள். ஞாயிறு வழக்கம்போலவே உதறல். பழைய பில்டரை வாயில் வைத்து ஊதிப்பார்த்தாள், காற்று தாராளமாகப் போனது. முதலில் ஊதிப்பார்த்திருந்தால் புதியது வாங்கியிருக்க வேண்டாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிறும் செவ்வாயும் மணி எண்ணித்தான் இப்ரா போய்வந்தார்கள். தாமதம் ஆகாமலிருக்க அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை காலை பம்பைச் சோதித்தாள். இன்ஜின் பக்கம் வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு தண்ணீர்பாட்டிலில் விட்டு, வயர்த்துண்டைக் கோர்த்தாள். அதற்குமுன் குபைஷாவின் கவா காப்பி கொதிக்கும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். எனக்கு ஒரு நாளைக்கு மூன்று சின்னக் கோப்பைதான் அனுமதி, அதற்கும் உலை வைக்கிறாயா என்று மூத்தவள் முனகினாள். ஆனாலும் மணலை அள்ளிப்போட்டு அணைத்தாள். இடது கையில் சிகிச்சைக்காக ரத்தக்குழாய்களை இணைத்திருப்பதால் அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது. வலதுகையில் மணியோடு பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முதல் பாட்டில் முப்பது மணியில் நிறைந்தது. இரண்டாவதும் முப்பது. மூன்றாவது, நான்காவது அப்படியே. ஸுவைனா நிறைந்த பாட்டில்களைக் கேனில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஏழாவது பாட்டிலுக்கு நாற்பத்தைந்து ஆனது. எட்டாவதில் குழாயிலிருந்து வந்தது நூல்போல் மெலிந்து, அறுபது எண்ணியும் பாதிதான் நிறைந்தது. வயரை எடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கோர்த்தாள்.

முப்பது.

"பம்பு செத்துப்போனா இப்படி உயிர் வராது," என்றாள் ஸுவைனா.

"அடைச்சுக்கிட்டு அடைச்சுக்கிட்டு விடுது," என்றாள் குபைஷா. "எதோ ஒண்ணு போய் வாயை மூடுது. பம்பு நின்னதும் கீழ விழுது. பம்பு ஓடினா மறுபடி எழுந்து வந்து மூடுது."

"மணலா?"

"மணல் எழுந்து வருமா? மணல் போய் உக்காந்தா உக்காந்ததுதான். இது நம்ம வீட்டு ஆடு மாதிரி. நீ பாக்காத நேரம் வருது, பாத்தா போயிடுது."

புதன்கிழமை டேங்கை இறக்குவதென்று முடிவுசெய்தார்கள். வியாழன் இப்ரா போகவேண்டும், வெள்ளி ராஷித் வருவான். அதனால் அந்த ஒரே நாள்தான் கையில் இருந்தது. இருந்த பெட்ரோல் முழுவதையும் பம்பை வைத்தே இறைத்துப் பெட்ரோல் கேன்களில் நிரப்பினார்கள். பாட்டரி வயரைக் கழற்றினார்கள். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, ஸுவைனா மல்லாந்து படுத்து உள்ளே போனாள். டேங்கைத் தாங்கும் இரும்புப்பட்டைகளின் போல்ட்டுகள் பதினைந்து வருடத் துருவில் இறுகியிருந்தன. ஒன்று எண்ணெய்க்கு இளகியது. இன்னொன்று இளகவே இல்லை. இரண்டு மணி நேரம் ரம்பத்தின் துண்டை விரல்களால் பிடித்து அந்தப் பட்டையையே அறுத்தாள். அனல்காற்றில் மணல் பறந்து கண்ணில் விழுந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

குபைஷா குனிந்து பார்த்து, விட்டுவிடேன் என்றாள். மஸ்கட் ஒன்றும் நரகம் இல்லை, போய் இருந்துவிடுகிறேன் என்றாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"நீங்க போறதுன்னா போங்க. இது என்னன்னு தெரியாம நான் உங்களை அனுப்பமாட்டேன்."

பட்டை அறுந்து டேங்க் இறங்கியபோது லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. முற்றத்து வன்னி மர நிழலுக்கு இழுத்துப்போய் மேல்மூடித் திருகுகளைக் கழற்றிப் பம்பை வெளியே எடுத்தாள். சல்லடைப்பையில் கொஞ்சம் துரு, கொஞ்சம் மணல். வண்டியை நிறுத்தும் அளவுக்கு இல்லை. டேங்கைச் சாய்த்து மிச்சமிருந்ததை ஒரு தட்டில் வடித்தாள். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழுந்தது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் வட்டத்தாள், ஓரம் பல்லால் கடித்துக் கிழித்ததுபோல் இருந்தது.

அதைக் கையில் எடுத்த ஸுவைனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏப்ரலுக்கு முன்னால், ஒட்டகப் பந்தய மாதத்தில், மணலுக்குள் பெட்ரோல் தீர்ந்த ஒருநாள், புதிதாக வாங்கிய பெட்ரோல் கேனின் வாயை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கிழித்துத் திறந்தது அவள்தான். காற்று அடித்ததால் கிழிந்த தாள் எங்கே போனதென்று பார்க்கவில்லை. அது கேனுக்குள் விழுந்து பெட்ரோலோடு டேங்குக்குள் போயிருக்கிறது. பம்ப் உறிஞ்சும்போது மிதந்துவந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் நின்றால் நழுவிக் கீழே போகும். மேடு ஏறும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவை, அப்போது பாதிதான் போய்ச்சேரும். குல்சாரையும் என்னையும் இரண்டு மாதமாகத் திட்டியவள், கடைசியில் தன் கையாலேயே வந்த வினை என்று கண்டுகொண்டாள்.

மறைத்திருக்கலாம். மூத்தவள் அன்றைக்கு அந்த வண்டியில் இல்லை. ஸுவைனா மறைக்கவில்லை. இது என் வேலை என்று சொல்லிவிட்டாள்.

குபைஷா தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பதினாறு வருஷமா நீ என்னைக் கொல்லப்பாக்கறேன்னு நான் சொன்னப்போ அந்த மனுஷன் நம்பல," என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். ஸுவைனாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

சல்லடைப்பையையும் டேங்கையும் கழுவி, பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றி, அறுந்த பட்டைக்குப் பதில் ஒட்டகச்சுமைக்குக் கட்டும் நைலான் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். வியாழன் காலை கழுத்தில் வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது. குபைஷா ஆயிரத்து இருநூறு வரை எண்ணிவிட்டு மணியை மடியில் போட்டுவிட்டாள்.

ஆனால் முழு நோயும் தீரவில்லை. இப்ராவில் வண்டியை நிறுத்தி, கியர் இல்லாமல் சும்மா ஓடவிட்டபோது இன்ஜின் லேசாக நொண்டியது. மிதித்தால் சரியாகிவிடும், காலை எடுத்தால் நொண்டும். இதுவும் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. பெரிய உதறலில் யாரும் கவனிக்கவில்லை. சிகிச்சை முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் அங்கேயே நிழலில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். முதல் நான்கும் இளம்பழுப்புக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தன. பின்னாலிருந்த ஐந்தும் ஆறும் மட்டும் இன்னும் வெள்ளை.

இந்தத் தடவை அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. திரும்பும்வழியில் குல்சாரின் பட்டறை முன் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இன்ஜின் மூடியைத் திறந்துவைத்தாள். குபைஷா கதவைத் திறந்துபோட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கடையிலிருந்து இறங்கிப் போனேன். ரெண்டு சிலிண்டருக்கு மட்டும் எங்கிருந்தோ திருட்டுக்காற்று போகிறது என்று ஸுவைனா குல்சாரிடம் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒரு பாட்டிலின் மூடியில் துளைபோட்டுத் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குழாய் இன்ஜினோடு சேரும் இடங்களில் கொஞ்சம்கொஞ்சமாகப் பீய்ச்சிக்கொண்டே போனாள். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம், பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பட்டதும் நொண்டல் நின்று இன்ஜின் சீராக ஓடியது. தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் காய்ந்ததும் மறுபடி நொண்டியது.

குல்சார் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் தானும் ஒருமுறை பீய்ச்சிப் பார்த்தான். பிறகு குழாயைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. நான் போய்ப் புதுக்குழாய் எடுத்துவந்தேன். அவனே பொருத்தினான்.

"பிரிச்சுக் கட்டணும்னு சொன்னேன்," என்றான் அவளைப் பார்க்காமல். "தப்பாச் சொல்லிட்டேன், பீபி."

டேங்குக்கு இரும்பில் ஒரு பட்டை மட்டும் செய்துகொடு, நைலான் ரொம்ப நாள் தாங்காது என்றாள்.

வெள்ளிக்கிழமை ராஷித் வந்தான். துணிமணி எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆடு அறுத்துச் சோறு ஆக்கியிருந்தார்கள். அவன் சாப்பிட்டான், பிறகு பேச்சை எடுத்தான். ஸுவைனா வாதாடவில்லை. ஞாயிறுவரை விடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது. அப்படியானால் ஒரு தடவை நீயும் கூட வா, வண்டி ஒரே ஒரு இடத்தில் நின்றாலும் அங்கிருந்தே உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போ என்றாள்.

ஞாயிறு காலை அவன் தன் வண்டியில் பின்தொடர்ந்து வந்தான். கழுத்தில் ஸுவைனாவின் வண்டி ஒரே மூச்சில் ஏறி உச்சியில் நின்றது. அவனுடைய புது வண்டி முதல் தடவை பாதியில் புதைந்தது. டயர் காற்றைக் குறைக்க மறந்துவிட்டான். குபைஷா கண்ணாடியை இறக்கி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே, கயிறு இருக்கா?"

"இருக்கு."

"இழுத்து விடு. ராணுவத்துல பாவம் மணல் காட்டல போல."

இப்ராவில் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு அவன் வெளியே வந்து சித்தியோடு நீண்டநேரம் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினார்கள் என்று அவள் முழுவதும் சொல்லவில்லை. குளிர்காலம் வரை பார்ப்போம் என்று அவன் சொன்னதாக மட்டும் சொன்னாள். குளிர்காலம் வந்தபோது யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குபைஷா அதன்பிறகு இரண்டு வருடமும் மூன்று மாதமும் மணலிலேயே இருந்தாள். அத்தனை நாளில் ஒரே ஒரு சிகிச்சைதான் தவறியது. அதுவும் வாதி என்னும் வறண்ட ஆற்றுப்படுகையில் வெள்ளம் வந்து தார்ச்சாலை துண்டிக்கப்பட்டதால். ஒரு பிப்ரவரி மாதம், இப்ராவில் சிகிச்சையின் நடுவிலேயே, தூக்கத்தில் போய்விட்டாள். ஸுவைனா வெளியே வண்டியில் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளைத் திரும்பக் கொண்டுபோனதும் அந்த வண்டியில்தான். ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார்கள், ராஷித் வேண்டாம் என்றுவிட்டான்.

வண்டி இன்னும் ஓடுகிறது. மணலில் வேறு இரண்டு குடும்பங்களில் இதே நோய் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் அவர்களை ஏற்றிக்கொண்டு இப்ரா போய்வருகிறாள். போனமாதம் எண்ணெய் பில்டர் வாங்க வந்தவளிடம் புது ஆட்கள் எப்படி என்று கேட்டேன். அதில் ஒருத்தி ஏறியது முதல் இறங்குவது வரை வாய் ஓயாமல் பேசுகிறாளாம். இன்ஜின் சத்தத்தைக் கேட்கவே விடுவதில்லை என்று ஸுவைனா குறைப்பட்டுக்கொண்டாள்.